அம்மா வேடத்துக்கு ஆள் தேவை

குணவதிக்கு ஐம்பத்தேழு வயதில் முதல் மாரடைப்பு வந்தது. மறுவாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் சர்க்கரை இறங்கி மயக்கம், அப்புறம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவு. எல்லாமே புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் வரும். பதினொன்றரைக்குள் சரியாகிவிடும். பினாங்கில் இருக்கும் புனித ஜோக்கிம் பல்கலைக்கழகத்தின் தாதியர் பயிற்சிக் கூடத்தில் நோயாளியாக நடிப்பது அவருடைய வேலை. மாணவர்கள் அவரிடம் கேள்வி கேட்டுப் பழகுவார்கள். அவர் முனகுவார், பயப்படுவார், சில நாள் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுப்பார்.

"இன்னிக்கி என்ன நோவு?" என்று கணவர் நல்லமுத்து புதன்தோறும் வாசலில் நின்று கேட்பார்.

"மூச்சுத் திணறல். ராத்திரிக்கி மீன் வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு குணவதி பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்.

அதற்கு முன்னால் அவர் முப்பத்தேழு வருஷம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பத்தொன்பது வயதில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. கடைசி இருபது வருஷம் லைன் லீடர். நாற்பது பேர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். பிறகு கம்பெனி அந்த லைனையே மூடியது. கையில் ஒரு தொகையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் அவர் ஒரு வருஷம் அலமாரியைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடியும் துடைத்தார்.

பக்கத்து பிளாக்கில் இருக்கும் ருக்கையாவால்தான் இது மாறியது. அதே லைனில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அவர் மகள் அஃப்ரீன் அந்தப் பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்புப் படிக்கிறாள்.

"நோயாளியா நடிக்க ஆள் தேடுறாங்களாம். உனக்குத்தான் லா இந்த வேலை" என்றார் ருக்கையா. "கம்பெனி டின்னர்ல நீ குடிகாரன் வேஷம் போட்டப்ப ஜப்பான்கார மேனேஜர் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியிலேர்ந்து விழுந்தார், மறந்துட்டியா?"

குணவதி போனார். முதல் நாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததில், பயிற்சியாசிரியர் உண்மையிலேயே ஆம்புலன்சைக் கூப்பிடப் போனார். வேலை கிடைத்துவிட்டது.

இரண்டு வருஷம் நோயாளியாகவே ஓடியது. ஒருநாள் கேண்டீனில் மெலிந்த, வேகமாகப் பேசும் ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்தார். பெயர் ஐரீன் சவரிமுத்து. கல்வித் துறை விரிவுரையாளர், டாக்டர் பட்டம் பெற்றவர். வருங்கால ஆசிரியர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் பாடம் எடுப்பவர்.

"குணா அக்கா, எனக்கு ஒரு அம்மா வேணும்" என்றார்.

"என்ன நோவு அந்தம்மாவுக்கு?"

"நோவு ஒன்னும் இல்ல. மகனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்ல, ஒரு பையன விரும்புறான்னு தெரிஞ்சிருச்சு. டீச்சரப் பாக்க வராங்க."

குணவதி தேத்தண்ணீரைக் கலக்குவதை நிறுத்தினார். "இது மாதா கோயில்காரங்க யுனிவர்சிட்டி ஆச்சே டாக்டர். விடுவாங்களா?"

ஐரீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன் தன் வகுப்பில் நடந்ததைச் சொன்னார். ஒரு மாணவன் பாதி செமஸ்டரில் படிப்பை விட்டுவிட்டான். விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று இரண்டே சொல். பிறகுதான் தெரிந்தது, அவன் நடையையும் குரலையும் வைத்து வகுப்பு முழுவதும் தினமும் சிரித்திருக்கிறது. அவனைப் பெண்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

"நான் அங்கதான் நின்னு பாடம் எடுத்துட்டிருந்தேன் அக்கா. எனக்குக் காது கேக்கல" என்றார் ஐரீன். "இந்தப் பிள்ளைங்க நாளைக்கி டீச்சராப் போவாங்க. அவங்களுக்காச்சும் காது கேக்கணும்."

இந்த நாட்டில் இந்தப் பேச்சைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதனால் ஐரீன் பாடத்துக்கு 'வகுப்பறையில் ஒவ்வொருவரும்' என்று பெயர் வைத்திருந்தார். பாடத்திட்டத்தில் கண் தெரியாத பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து வரும் ஏழைப் பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். ஆறாவது வாரத்திலிருந்து தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளும் திருநங்கைகளும் திருநம்பிகளும் இருந்தார்கள். ஆறாவது வாரத்துக்குத்தான் அம்மா தேவை.

ஐரீன் எழுதி வைத்திருந்த வசனத்தைக் குணவதி வாங்கிப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. 'என் மகனின் அடையாளம் குறித்து எனக்கு மிகுந்த மனக்குழப்பம் ஏற்பட்டுள்ளது' என்று அந்த அம்மா பேச்சைத் தொடங்கினாள். குணவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எந்த அம்மா டாக்டர் இப்படிப் பேசுவா? அவ முதல்ல டீச்சரத் திட்டுவா. அப்புறம் பையனோட கூட்டாளியத் திட்டுவா. அப்புறம் கைத்தொலைபேசியக் கண்டுபிடிச்சவனத் திட்டுவா. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அழுவா."

"அப்ப நீங்களே பேசுங்க" என்றார் ஐரீன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

*

வகுப்பில் இருபத்து நான்கு பேர். சீனர், தமிழர், யூரேசியர், சரவாக்கிலிருந்து வந்த இரண்டு பேர். நடுவில் ஒரு மேசை. ஆசிரியராக நடிக்க இரண்டு மாணவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். குணவதி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வந்து உட்கார்ந்த விதத்திலேயே மாணவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் திட்டினார். ஆசிரியராக நடித்த பையன் தடுமாறித் தடுமாறி, "அமைதியா இருங்க, பூவான்" என்று மலாயில் மேடம் போட்டுச் சொன்னான். அமைதியாக இரு என்று சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது? குணவதிக்கும் வந்தது. அந்தக் கோபத்தில் தமிழ் தானாக வந்துவிட்டது.

"உன்ன வயித்துல சுமந்தப்ப நான் என்ன பாவம் பண்ணேனோ தெரியலையே!"

எதிரே இல்லாத மகனைப் பார்த்துச் சொன்ன சொல். பாதி வகுப்புக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பெண் எழுந்து, பையைக்கூட எடுக்காமல், தண்ணீர்ப் போத்தலோடு வெளியே போனாள்.

ஐரீன் காட்சியை நிறுத்தினார். குணவதி அவருக்கு முன்னால் எழுந்து வாசலைத் தாண்டிவிட்டார்.

அந்தப் பெண் தாழ்வாரத்தின் கோடியில் குடிதண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். போத்தல் நிறைந்து தண்ணீர் கையில் வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடவில்லை. குணவதி போய் மூடினார்.

"உன் பேரு என்னம்மா?"

"திவ்யாஷினி." கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டாள். "ஆன்ட்டி, அது டாக்டர் எழுதிக் குடுத்த வசனமா?"

"இல்லம்மா. வாய்ல வந்துச்சு."

"எங்கம்மா வாய்லயும் அதேதான் வந்துச்சு. போன தீபாவளிக்கி. ஒரு வார்த்தை மாறல."

நாற்பது பேரை மேய்த்தவர், ஜப்பானிய மேலாளரிடமே எதிர்த்துப் பேசியவர், அந்தக் குழாயடியில் புடவைத் தலைப்பால் ஒரு பெண்ணின் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிக்கம்மா. எனக்குத் தெரியாது."

"உங்க மேல தப்பில்ல ஆன்ட்டி. நீங்க நல்லா நடிச்சிட்டீங்க, அதான்" என்றாள் திவ்யாஷினி. சொல்லும்போதே அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.

அன்று பஸ்ஸில் குணவதி யோசித்துக்கொண்டே போனார். வாயில் வந்தது என்றால் எங்கிருந்து வந்தது? கொம்தார் பஸ் நிலையம் வருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. அது அவரே சொன்ன சொல்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில். கமலேஸ்வரி என்றொரு பெண் அவர் லைனில் இருந்தாள். முடியை ஒட்ட வெட்டி, ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். இன்னொரு பெண்ணோடு வாடகை அறையில் இருக்கிறாள் என்று பேச்சு. ஒருநாள் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தபோது குணவதி எல்லோருக்கும் கேட்கும்படி, "உன்னச் சுமந்தவ என்ன பாவம் பண்ணாளோ!" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. கமலேஸ்வரியும் சிரித்தாள். அவளும் சிரித்ததால் அதை ஒரு பெரிய விஷயமாகவே குணவதி நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ருக்கையாவிடம் கமலேஸ்வரியின் எண் கேட்டார். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த எல்லோருடைய எண்ணும் ருக்கையாவிடம் இருக்கும்.

"அவ நம்பர் எதுக்கு இப்ப?"

"மன்னிப்பு கேக்கணும்."

அந்த மேசையில் ருக்கையாவும்தான் இருந்தார், அவரும்தான் சிரித்தார். "என் பேரையும் சேத்துச் சொல்லிரு" என்று எண்ணைக் கொடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். ஜூருவில் கமலேஸ்வரியும் அதே பெண்ணும் சேர்ந்து கார் கழுவும் கடை வைத்திருக்கிறார்களாம். குணவதி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் தண்ணீர் சத்தம் நின்றது.

"அக்கா, நீங்க அத ஒரு நாள் சொன்னீங்க. ஆனா தைப்பூசத்துக்கு லீவு கேட்டேன், ரெண்டு வருஷம் தொடர்ந்து குடுக்கல. முதல்ல அதுக்கு மன்னிப்பு கேளுங்க."

"அதுக்கும் சேத்துத்தான்."

"அப்ப சரி லா." கமலேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கி பஸ்ல அழுதுட்டேதான் போனேன். பொய் சொல்லல. லைன்ல ஏதாச்சும் தப்புன்னா சிவப்பு பட்டன் அழுத்துவோமே, யாரு வேணா அழுத்தலாம், யாரும் ஏன்னு திட்டக் கூடாது. அந்த மாதிரி ஒன்னு சாப்பாட்டு ரூம்லயும் இருந்தா நல்லா இருக்கும்னு அன்னிக்கி நினைச்சேன்."

பேசி முடித்து வெகுநேரம் ஆகியும் குணவதி கைத்தொலைபேசியை மடியிலிருந்து எடுக்கவில்லை. நல்லமுத்து தானே எழுந்து போய் சோற்றைச் சூடாக்கினார்.

*

மறுவாரம் வகுப்பு தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே அவர் ஐரீனின் அறைக்குப் போனார். சௌரஸ்தா பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய மணியை மேசைமேல் வைத்தார். ஹோட்டல் முகப்பில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டினால் ஒலிக்கும் மணி, அது.

"டாக்டர், இது இல்லாம நான் இனிமே அம்மாவா வர மாட்டேன்."

கமலேஸ்வரி சொன்னதை அப்படியே சொன்னார். ஐரீன் மணியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் தட்டினார்.

அன்றிலிருந்து மூன்று ஏற்பாடுகள் வந்தன. இன்றைக்கு என்ன காட்சி என்பதை முந்தின நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவது. உட்கார முடியாதவர் காரணம் சொல்லாமல் நூலகத்துக்குப் போகலாம், வருகைப் பதிவில் குறை வராது. மணியை யார் வேண்டுமானாலும் தட்டலாம். தட்டியவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. மணிச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. ஒரு வாரம் அதற்கே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

திவ்யாஷினி வந்தாள். மணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இன்னொரு மாற்றத்தையும் குணவதி கேட்டு வாங்கினார். அம்மாவாக மாணவர்கள் நடிக்கட்டும், மகனாக நான் வருகிறேன் என்றார். "திட்டுறது எனக்கு நல்லா வருது டாக்டர். அதான் பயமா இருக்கு. அந்தப் பக்கம் போய்ப் பாக்குறேன்."

அப்படியாக ஒரு வியாழக்கிழமை காலை, கத்தரிப்பூ நிறப் புடவையும் ஜரிகை ரவிக்கையும் அணிந்து, கொண்டையில் மல்லிகை வைத்திருந்த குணவதி வகுப்பின் நடுவில் நின்று அறிவித்தார். "நான் இப்ப பத்தொம்பது வயசுப் பையன். பேரு கெல்வின். யாரும் சிரிக்கக் கூடாது."

இருபத்து நான்கு பேரும் சிரித்தார்கள். ஐரீன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். குணவதி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தோளை லேசாகக் குறுக்கி, பார்வையைத் தரையில் வைத்து, ரவிக்கைக் கையை விரலால் சுருட்டத் தொடங்கினார். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

அம்மாவாக நடிக்க வந்தவன் ஜெரோம். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஆஜானுபாகுவான பையன். அவன் அம்மாவாக இரண்டு வரி பேசினான், மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தான், மூடினான், மணியைத் தட்டினான். விதிப்படி யாரும் திரும்பவில்லை. ஆனால் அவன் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால் திரும்பாமலே தெரிந்தது.

"எனக்கு அடுத்த வரி தெரியல ஆன்ட்டி" என்றான். "வர்றதெல்லாம் எங்க மாமா பேசுறதுதான். அத எனக்குச் சொல்ல வேணாம்னு இருக்கு."

"வேணாம்னா சொல்லாத லா. இது பரீட்சையா என்ன?" என்றார் கெல்வின்.

*

எப்படியோ செய்தி வெளியே போய்விட்டது. ஒரு மாணவரின் உறவினர் பல்கலைக்கழகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கத்தோலிக்க நிறுவனத்தில் இதென்ன பாடம், அதிலும் ஒரு பெண்மணி ஆண் வேடம் போட்டுக்கொண்டு வருகிறாராமே என்று. கடிதத்தின் நகல் ஐரீனுக்கு வந்தது. அடுத்த வகுப்புக்குத் துறைத் தலைவர் நேரில் வருகிறார் என்ற குறிப்பும் கூடவே வந்தது.

துறைத் தலைவர் சிஸ்டர் கொலெட். எழுபதை நெருங்கும் சீனக் கன்னியாஸ்திரி. தாசேக் கெலுகோரில் அவர் அப்பா ரப்பர் மரத்துக் கித்தாப் பால் வாங்கி விற்றவர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் சிஸ்டர் தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் அந்தத் தமிழில் 'நீங்க' கிடையாது. பிஷப்பே வந்தாலும் 'நீ'தான்.

முந்தின நாள் ஐரீன் குணவதியைத் தேடி வந்தார். "பாடத்தை எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு அக்கா. நாளைக்கி வேணும்னா நீங்க கண் தெரியாத பிள்ளையா வரீங்களா? ஒரே ஒரு நாள்."

"அப்ப கெல்வின் எங்க போவான்?" என்று கேட்டார் குணவதி.

சிஸ்டர் வந்து பின்வரிசையில் உட்காரப் போனார். குணவதி அவரைத் தடுத்தார். "சிஸ்டர், இந்த வகுப்புல சும்மா உக்காந்து பாக்குறது இல்ல. வர்றவங்க ஒரு வேஷம் எடுக்கணும்."

அப்படியொரு விதி அதுவரை இல்லை. ஐரீன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் என்னா வேஷம் எடுக்குறது?" என்றார் சிஸ்டர்.

"நீங்க துறைத் தலைவர். நான் கெல்வின். ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். உங்களப் பாக்க வந்திருக்கேன்."

சிஸ்டர் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கெல்வின் வந்தான். வகுப்பில் பையன்கள் தன் நடையைக் கேலி செய்வதையும், தன் குரலைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

சிஸ்டர் கைகளைக் கோத்துக்கொண்டார். "நான் உனக்காக ஜெபம் பண்றேன், பையா."

"பண்ணுங்க சிஸ்டர், வேணாம்னு சொல்லல. ஆனா நாளைக்கி காலையில எட்டு மணிக்கி அதே வகுப்பு இருக்கு. அவனுங்க என் பக்கத்துலதான் உக்காருவானுங்க. அந்த எட்டு மணிக்கி என்ன செய்வீங்க?"

சிஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்று ஐரீன் சொல்லிவைத்திருந்த மணி கண்ணில் பட்டது. தட்டினார்.

"முதல்லேர்ந்து" என்றார்.

கெல்வின் மறுபடியும் கதவிலிருந்து வந்தான், மறுபடியும் சொன்னான். இம்முறை சிஸ்டருக்குக் கோபம் வந்தது. "யாரு யாரு? பேரு குடு. இப்பவே கூப்புடுறேன்."

"பேரு குடுத்தா நான் எப்படி சிஸ்டர் திரும்ப அந்த வகுப்புக்குப் போவேன்? வீட்டுக்குக் கடுதாசி போயிருமா? எங்கப்பாவுக்கு இது எதுவும் தெரியாது."

சிஸ்டர் மணியைத் தட்டினார். இந்த முறை கொஞ்சம் பலமாக.

மூன்றாவது முறை கெல்வின் வந்தபோது சிஸ்டர் மேசைக்குப் பின்னால் இல்லை. நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து, இந்தப் பக்கம், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பசியாறுனியா?" என்று கேட்டார்.

கெல்வின் தலையாட்டினான்.

"சரி. உனக்கு என்னா வேணும், நீ சொல்லு. மெதுவா சொல்லு. பத்தரைக்குத்தான் எனக்கு மீட்டிங்."

குணவதி வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. மணியை வாங்கி வந்த பிறகு முதல் முறையாக அவரே கையை நீட்டி அதைத் தட்டினார்.

"நான் மறுபடியும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார் சிஸ்டர் பதறிப்போய்.

"இல்ல சிஸ்டர். நல்லா இருந்துச்சு. அதான்."

வகுப்பு கைதட்டியது. சத்தம் அடங்கியதும் ஜெரோம் எழுந்தான். நெடுநாளாக மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டான். திருச்சபையின் போதனை ஒன்று இருக்கிறதே, தான் அதை நம்புகிறவன், அப்படியிருக்க வகுப்பில் இப்படி நடந்துகொள்வது சரியா என்று.

சிஸ்டர் யோசித்துப் பதில் சொன்னார். "போதனைய மாத்துறது என் வேலை இல்ல, ஜெரோம். ஆனா அந்தப் போதனை இருக்குற அதே புஸ்தகத்துல இவங்கள மரியாதையா, இரக்கமா ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்கக் கூடாதுன்னும் இருக்கு. அந்த வரி வந்தா நாம எல்லாரும் வேகமாத் தாண்டிப் போயிர்றோம். நானும்தான் தாண்டுனேன். இன்னிக்கி மூனு தடவ நின்னு படிச்சேன்."

கடிதம் எழுதியவருக்கு அந்த வாரமே பதில் போனது. பாடம் தொடரும், நேரில் வந்து பார்க்க விரும்பினால் எந்த வியாழக்கிழமையும் வரலாம், ஆனால் வருகிறவர் ஒரு வேடம் எடுத்து நடிக்க வேண்டும் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். யாரும் வரவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த செமஸ்டர் சேர்க்கைப் படிவத்தில் 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று ஒரு வரி சேர்த்தார். விரிவுரையாளர்களின் கையில் வரும் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயர்தான் இருக்கும். பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி.

*

தீபாவளி விடுமுறைக்கு முன் ஒருநாள் மாலை திவ்யாஷினி குணவதியைத் தேடி வந்தாள். அவள் வீடும் சிஸ்டர் வளர்ந்த தாசேக் கெலுகோரில்தான். போன தீபாவளிக்குப் பிறகு அவள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

"ஆன்ட்டி, எனக்கு அம்மாவா நடிக்கிறீங்களா? எங்க அம்மாவாவே. வீட்டுக்குப் போறதுக்கு முன்ன பேசிப் பழகணும்."

"மணி இருக்குல்ல?"

"இருக்கு."

காலியான வகுப்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். திவ்யாஷினி தன் அம்மாவைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பிடிக்காத பேச்சு வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம். கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, நேர்மாறாக எல்லாவற்றையும் சத்தமே இல்லாமல் அடுக்குவாராம். குணவதி எல்லாவற்றையும் கேட்டு, எல்லா விதமாகவும் அம்மாவாக வந்தார். திட்டினார், அழுதார், பேசாமல் இருந்தார். திவ்யாஷினி ஒருமுறைதான் மணியைத் தட்டினாள். அதுவும் சிரிப்பை அடக்க முடியாமல்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வந்தாள்.

"நாம பழகுன ஒரு வசனமும் அம்மா பேசல ஆன்ட்டி."

"பின்ன?"

"சாப்ட்டியான்னு கேட்டாங்க. நான் ஹாஸ்டல்ல இருக்குற என் ரேணுவப் பத்திப் பேச ஆரம்பிச்சேன், போய் மெஷினப் போட்டாங்க. நான் பின்னாலேயே போய் நின்னு, மெஷின் சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லி முடிச்சேன். ஒன்னும் சொல்லல. திட்டவும் இல்ல." அவள் பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் முறுக்கு. "கிளம்புறப்ப ரெண்டையும் குடுத்தாங்க. ஒன்னு உனக்கு, ஒன்னு ஹாஸ்டலுக்குன்னாங்க. ஹாஸ்டல்ல யாருக்கும்மான்னு கேட்டேன். பதில் இல்ல. கதவச் சாத்திட்டாங்க."

குணவதி ஒரு டப்பாவைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார். "ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு."

"அப்ப ரேணுவுக்குக் குடுத்துட்டியா இல்லியா? இங்க எதுக்குக் கொண்டாந்த? போ, போ" என்று அவளை விரட்டினார். அவள் ஒரு முறுக்கை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

ஜனவரியில் சிஸ்டர் கொலெட் எல்லாத் துறை விரிவுரையாளர்களையும் ஒருநாள் பயிற்சிக்கு அழைத்தார். நடத்துபவர்கள் ஐரீன் சவரிமுத்து, குணவதி நல்லமுத்து என்று அழைப்பில் அச்சாகியிருந்தது. நல்லமுத்து அந்தக் காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.

முப்பது விரிவுரையாளர்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கணிதத் துறையின் டாக்டர் குவெக் கையைத் தூக்கினார். வழுக்கை, தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் நான்கு பேனா. "மற்றவர்கள் சரி. நான் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். எண்ணுக்கு ஆண் ஏது, பெண் ஏது? எனக்கு இதில் என்ன வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

குணவதி அவருடைய பயிற்சித்தாள் ஒன்றை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது கணக்கில் விரலை வைத்தார். ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும் நடன விருந்துக்கு வருகிறார்கள், எத்தனை வழிகளில் ஜோடி சேரலாம் என்று இருந்தது. அவர் தோளைக் குறுக்கி, கெல்வினாக மாறினார்.

"சார், நானும் அந்த விருந்துக்கு வந்திருக்கேன். ஆனா இந்தக் கணக்குப்படி நான் விரும்புறவனோட ஆட முடியாதே. நான் என்ன செய்ய?"

ஐரீன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் குவெக் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"இப்படியே விட்டால் விடை நூற்றிருபது" என்று முணுமுணுத்தார். "யாரும் யாரோடும் சேரலாம் என்றால்..." எழுந்து போய் வெண்பலகையில் எழுதத் தொடங்கினார். பலகையில் எண்கள் நிறைந்தன. கடைசியில் திரும்பிய அவர் முகம் மலர்ந்திருந்தது. "தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து! இது இன்னும் நல்ல கணக்கு. பழையது ரொம்பச் சுலபம்."

"அப்படி வராது" என்றார் பின்வரிசையில் ஒரு பொறியியல் விரிவுரையாளர். எழுந்து பலகைக்கு வந்தார். இன்னொருவரும் வந்தார். கைத்தொலைபேசிகள் பைக்குள் போயின. கோப்பி இடைவேளை வந்தது, யாரும் நகரவில்லை. சிஸ்டர் கொலெட் தானே கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு பலகையடிக்குப் போய், ஒவ்வொருவர் கையிலும் கோப்பையைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.